கடைசிக் கட்டத்துச் செருப்பு

இடது கால் ஷூ மட்டும் வர மறுத்தது.

ரோவெனா குதிகாலைப் பிடித்து இன்னொரு முறை இழுத்தாள். கால் விறகு மாதிரி விறைத்திருந்தது. ஆனால் காலுறைக்குள் ஏதோ கசிந்திருந்தது. அவள் கையுறை போட்டுக்கொள்ளவில்லை. நாள் முழுக்கக் கையுறையோடு மற்றவர்களின் வாய்க்குள் விரல் விட்டுப் பிழைப்பவள், பெற்ற தகப்பனின் காலைத் தொடுவதற்குக் கையுறை தேடினால் நன்றாக இருக்காது என்று நினைத்துவிட்டாள். இப்போது விரல் நுனியில் அந்த ஈரம் பட்டதும் கையை உதறிக்கொண்டாள்.

சவப்பெட்டியின் மேல்பாதி மூடி ஒரு வாரமாகத் திறந்தே இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் கண்ணாடி வழியே அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கீழ்ப்பாதியை இன்று காலைதான், அடக்கத்துக்குக் கிளம்பும் முன், திறந்திருந்தார்கள். திறந்ததும் தெரிந்தது: தம்பி டிண்டோ, அப்பா விருது வாங்கப் போனபோது போட்ட கறுப்பு ஷூவை மாட்டி அனுப்பியிருக்கிறான்.

"ஷூவோட புதைக்கக் கூடாது" என்று அம்மா சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். ஏன் என்று கேட்க அங்கே யாருமில்லை. ஷூவோடு போனவனின் காலடிச் சத்தம் வீட்டைவிட்டுப் போகாது என்பது அந்தத் தெருவில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

"டாக்டர், கத்தரியால வெட்டி எடுத்துடட்டுமா?" என்றான் சவ அடக்க நிலையத்து ஆள்.

"வேணாம்."

அவனுக்குப் பின்னால் நின்ற இன்னொருவன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். தோள் லேசாகக் குலுங்கியது. முன்னவன் அவனை முழங்கையால் இடித்தான்.

"சும்மா இருடா."

"இல்லண்ணே… அதே மாதிரி இருக்கில்ல? அந்தக் கதையில வர்ற மாதிரியே…"

ரோவெனா தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் அவன் பல்லைப் பார்க்க வேண்டியிருக்கும். சிரிப்பை அடக்கும் வாய் எப்படியிருக்கும் என்று அவளுக்கு நாற்பது வருடமாகத் தெரியும்.

"இழுக்காத" என்று அம்மாவின் குரல் மெதுவாக வந்தது. "லேஸை முழுசா உருவு. ஷூ நாக்கைத் தூக்கிவிடு. மொதல்ல குதிகாலை வெளிய எடு."

அப்படிச் செய்ததும் ஷூ வழுக்கிக்கொண்டு வந்தது. அம்மா செருப்புத் தைப்பவரின் மகள். மாரிகினாவில் ஆற்றங்கரையோரம் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தோலும் பசையும் நாறிய தெருவில் பிறந்தவள். ரோவெனா இரண்டு ஷூவையும் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு சாப்பாட்டு மேசைக்குப் போய், அப்பாவின் நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். வேறு எங்கே வைத்தாலும் யாராவது போட்டோ எடுத்துவிடுவார்கள்.

மேசைக்குப் போகிற வழியெல்லாம் காலடியில் நொறுங்கியது. தர்பூசணி விதைத் தோல். பிணம் வீட்டைவிட்டுப் போகும்வரை துக்க வீட்டில் பெருக்கக் கூடாது. பெருக்கினால் இன்னொரு சாவையும் சேர்த்து வாரி வந்துவிடும். அதனால் ஒரு வாரமாக இரவும் பகலும் சீட்டாடியவர்களும் சிகரெட் குடித்தவர்களும் 'நாட்டையே சிரிக்க வைத்த மனுஷன்' என்று பேசிப் பேசித் துப்பிய விதைத் தோல்கள் எல்லாம் தரை பூராவும் அப்படியே ஒட்டிக்கிடந்தன. சில இன்னும் எச்சில் ஈரத்தோடு மினுங்கின. மூலையில் காபி கொட்டிய இடத்தில் எறும்பு. வாடிய மலர்வளையங்களிலிருந்து கெட்டுப்போன தண்ணீர் நாற்றம். ரோவெனாவுக்குத் தன் செருப்பின் அடியைக்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அம்மா மட்டும் அந்தக் குப்பையின் மேல் பழைய பழுப்புத் தோல் ஷூவோடு நடந்தாள். வீட்டுக்குள் அம்மா எப்போதும் ஷூதான் போடுவாள். அடுப்படியிலும் துணி துவைக்கும்போதும்கூட. அவளுடைய அப்பா தைத்துக் கொடுத்தது. எத்தனை முறை அடித்தோல் மாற்றியாகிவிட்டது என்று அவளுக்கே நினைவிருக்காது.

*

டிண்டோ பின்வாசல் வழியாக அடுப்படிக்குள் நுழைந்தபோது கையில் பெரிய பிளாஸ்டிக் பை இருந்தது. அக்காவைப் பார்த்ததும் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். ஐம்பதை நெருங்குகிறவன்; ஆனாலும் அந்த அசைவு மாறவில்லை.

"என்னடா அது?"

"ஒண்ணுமில்லக்கா."

"காமி."

அவன் பெருமூச்சு விட்டுப் பையை மேசைமேல் கவிழ்த்தான். ரோஜா நிறத்தில் பூப்போட்ட தொளதொள வீட்டு அங்கி. ஒரு கொத்துத் தலைமுடிச் சுருள் உருளைகள். கடைசியாக, பஞ்சடைத்த சிவப்புச் செருப்பு ஒன்று. முழங்கை நீளம் இருந்தது.

ரோவெனா அதைத் தொடவில்லை.

"யார் குடுத்தது?"

"கப்பித்தான் நோர்மிதா தெச்சு வாங்கிட்டு வந்தாங்க. வாசகர் சங்கத்துல எல்லாரும் கேட்டாங்களாம். கல்லறையில அம்மா இதை…" அவன் கொஞ்சம் குரலை இறக்கினான். "ஒரு நிமிஷம்தான்க்கா. அங்கிய மேல மாட்டிக்கிட்டு, செருப்பத் தூக்கிப் பெட்டி மேல ஒரு தட்டு. அம்பது வருஷமா விழாத செருப்பு கடைசியா விழுது. புரியுதில்ல? அழகா இருக்கும். டிவியிலேர்ந்து ஆள் வர்றாங்க."

"அழகா இருக்கும்."

"ஏன்க்கா அப்படிச் சொல்ற? இது மரியாதை. சந்து முனையில இருக்கிற கூடைப்பந்து மைதானத்துக்கே ஆலிங் பெமியா பேர்தான் வெக்கப்போறாங்க."

"அது அம்மாவோட பேருடா."

"அதான் சொல்றேன். பெருமைதானே!"

ரோவெனா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அவன் பிறந்தபோதே அப்பாவின் காமிக்ஸில் ஆலிங் பெமியாவும் பிறந்து செருப்போடு ஓடத் தொடங்கிவிட்டாள். அவனுக்கு இரண்டு பெமியாக்களும் ஒருத்திதான்.

"அம்மாகிட்ட இந்தப் பேச்ச எடுத்தேன்னு வெச்சுக்க, இந்தச் செருப்பு எங்க விழும்னு எனக்குத் தெரியாது."

"பாத்தியா" என்று டிண்டோ இளித்தான். "நீயே ஆலிங் பெமியா மாதிரிதான் பேசுற."

அவன் சிரித்துக்கொண்டிருந்தபோதே அவள் முகம் எப்படி ஆயிற்றோ, சட்டென்று நிறுத்தினான்.

"சரி சரி. வேணாம். நான் கப்பித்தான்கிட்ட சொல்லிடுறேன். போதுமா?"

அவன் எல்லாவற்றையும் பைக்குள் திணித்தான். கடைசியாகச் செருப்பு உள்ளே போகாமல் முரண்டு பிடித்தது. இன்று ஒரு நாள், இந்த ஒரு நாள் மட்டும், அம்மாவை அதைத் தூக்க விடக் கூடாது என்று ரோவெனா தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு யார் என்ன பேர் எதற்கு வைத்தாலும் சரி.

*

அப்பா கிரிசாந்தோ காமிக்ஸுக்கு முதலில் எழுதியதெல்லாம் அழுகைக் கதைகள். வெள்ளத்தில் பிள்ளையைத் தொலைத்தவள், பண்ணையாரால் கெட்டவள், கண் தெரியாத வயலின்காரன். வாரா வாரம் நான்கு பக்கம் எழுதி, ஓவியருக்குக் கொடுத்துவிட்டு, வாசகர் கடிதம் குறைந்தால் கதாநாயகிக்குக் காசநோய் வரவழைத்து முடிப்பார். அந்தக் கதைகளின் பெயர் இப்போது யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் அரைப் பக்கம் காலியாக இருக்கிறது என்று ஆசிரியர் கேட்டபோது, அவசரத்துக்குப் பெண்டாட்டி தன்னைத் திட்டியதை அப்படியே எழுதிக் கொடுத்தார். ஆறு கட்டம். கடைசிக் கட்டத்தில் குண்டுப் பெண்டாட்டி செருப்பைத் தூக்குகிறாள், புருஷன் ஓடுகிறான், செருப்பு காற்றில் நிற்கிறது. பேர் யோசிக்க நேரமில்லை. தெருவில் மூத்த பெண்களைக் கூப்பிடும் 'ஆலிங்'கை முன்னால் சேர்த்து, ஆலிங் பெமியா என்று பெண்டாட்டி பேரையே போட்டார்.

அதற்குப் பிறகு அவர் வேறு எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. கடைவாசலில் கயிறு கட்டிக் கிளிப் மாட்டித் தொங்கவிட்ட காமிக்ஸ் புத்தகங்களில் அந்தக் கடைசிப் பக்கம்தான் முதலில் கிழியும். பெஞ்சில் உட்கார்ந்து வாடகைக்குப் படிக்கிறவர்கள் பின்னாலிருந்து தொடங்குவார்கள்.

வியாழக்கிழமை ஓவியருக்குக் கதை போய்ச் சேர வேண்டும். அதனால் புதன்கிழமை அப்பா எதையாவது உடைப்பார்.

ரோவெனாவுக்கு இது புரிய வெகு நாளாயிற்று. புதன்கிழமைதோறும் ஏதாவது நடக்கும். வீட்டுக்குப் பொல்லாத நாள் என்று நினைத்திருந்தாள். ஒரு வாரம் சோற்றுப்பானை கவிழும். ஒரு வாரம் மீன் வாங்கப் போனவர் சண்டைச் சேவலோடு வருவார். ஒரு வாரம் துவைத்துக் காயவைத்த சட்டைகள் சேற்றில் விழும். அம்மா வெடிப்பாள். அம்மாவுக்கு நல்ல குரல், நல்ல வாய். திட்ட ஆரம்பித்தால் மூன்று வீடு தள்ளி இருப்பவர்கள்கூடக் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுக் கேட்பார்கள். ஒரு வார்த்தை இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும். நடுவில் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். அந்த நேரமெல்லாம் அப்பா சாப்பாட்டு மேசையில் பனியனோடு உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டிருப்பார். தப்பு செய்தவர் குனிந்திருக்கிறார் என்று ரோவெனா நினைப்பாள். ஒரு நாள் மேசைக்கடியில் உருண்ட பென்சிலை எடுக்கக் குனிந்தவள், அவர் தொடைமேல் வைத்த காகிதத்தில் கை ஓடுவதைப் பார்த்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. அம்மா சொல்வதை அவரும் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார், எதுவும் தவறிவிடாதபடி.

கதையில் அவளும் இருந்தாள். சளிமூக்கி. ஒவ்வொரு கட்டத்திலும் மூக்குக்குக் கீழே இரண்டு கோடு. இன்றைக்கும் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருப்பவர்கள், மரத்துப்போன உதட்டோடு, "டாக்டர், நீங்கதானே அந்த…" என்று கேட்கிறார்கள். அவள் துளைப்பானை முடுக்கிவிடுவாள். அதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது.

பழகாதது தாத்தாவின் சாவு. செருப்புத் தைத்த தாத்தா தன் கடைசி ஜோடியைத் தானே தைத்து வைத்திருந்தார். அதைப் போட்டுத்தான் புதைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். வழக்கம் கூடாது என்றது. அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கழற்றவும் முடியாமல் விடவும் முடியாமல், ஒரு ஷூவைக் கழற்றி, திரும்ப மாட்டி, மறுபடி கழற்றி, "அப்பா, நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க" என்று பிணத்தோடு சண்டை போட்டு அழுதாள். ரோவெனாவுக்கு ஒன்பது வயது. அம்மாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வயதெல்லாம் கடந்திருந்தும் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா சுவரோரமாக நின்றிருந்தார். தலை குனிந்திருந்தது.

இரண்டு வாரத்தில் அது வந்தது. ஆலிங் பெமியா பிணத்தின் ஷூவைக் கழற்றுகிறாள், பிணம் காலை உதறுகிறது, அவள் மாட்டுகிறாள், பிணம் பெட்டியிலிருந்து குதித்து ஓடுகிறது, அவள் செருப்போடு துரத்துகிறாள். நாடே சிரித்தது. அதைச் சுவரொட்டியாக அடித்துக் கொடுத்தார்கள். முடிதிருத்தும் கடைகளில் இன்னும் தொங்குகிறது.

அன்றிலிருந்து அம்மா கத்துவதை விட்டாள். அடுத்த புதன் அப்பா அரைப் பானை சோற்றைத் தரையில் கொட்டினார். அம்மா குனிந்து அள்ளினாள். அதற்கடுத்த புதன் கண்ணாடி உடைந்தது. அம்மா பெருக்கினாள். வீட்டுச் செருப்பைக் கழற்றி அடுப்பில் போட்டுவிட்டு, தாத்தா தனக்குத் தைத்துக் கொடுத்திருந்த ஷூவை மாட்டிக்கொண்டாள். செருப்பு மாதிரி சட்டெனக் கழற்றிக் கையில் தூக்க முடியாதது. கடைக்குப் போனால் சிறுவர்கள், "ஆலிங் பெமியா, செருப்பெங்க?" என்று கூவினார்கள். அவள் நடந்துகொண்டே இருந்தாள். ஐந்து வார்த்தைக்கு மேல் போகாத பேச்சு ஆயிற்று அவளுடையது. அதையும் தணிந்த குரலில்தான் சொல்வாள். அப்பா மிச்ச வருடங்களை நினைவிலிருந்தே எழுதினார். ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

*

கல்லறைத் தோட்டத்தில் அடுக்கடுக்காகச் சுவரில் குழிகள். மூன்றாம் வரிசையில் ஒன்று திறந்திருந்தது. கொத்தனார் சட்டியில் சிமெண்ட் குழைத்துவிட்டு, வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். கூட்டம் அதிகம். பாதிப் பேர் நெஞ்சில் சிவப்புச் செருப்புப் படம் போட்ட சட்டை அணிந்திருந்தார்கள். கைப்பேசிகள் உயர்ந்திருந்தன. ஒருவன் பெட்டியின் கண்ணாடிமேல் குனிந்து, அப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்துப் படம் பிடித்துக்கொண்டான்.

"பாருங்கய்யா, செத்தும் சிரிக்கிறாரு மனுஷன்!" என்றான்.

அப்பா சிரிக்கவில்லை. பல்செட்டைச் சரியாகப் பொருத்தவில்லை. மேல்வரிசை அரை விரல் முன்னால் தள்ளி, உதட்டைத் தூக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பல்செட்டைச் செய்தவள் ரோவெனாதான். அச்சு எடுக்கும்போது அவர் வாயில் பிசின் தட்டை அழுத்திப் பிடித்தபடி, 'இந்த உதடுதான்' என்று ஒரு கணம் நினைத்தாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பேச முடியாத வாயோடு, எதையோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. தட்டை எடுத்ததும், "தண்ணி" என்று மட்டும்தான் கேட்டார்.

கப்பித்தான் நோர்மிதா ஒலிபெருக்கியைப் பிடித்தாள். கப்பித்தான் என்றால் அந்தப் பகுதிக்கே தலைவி. குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லாதவள். அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணம் ஆன புதுசுல பேசிக்கவே மாட்டோம். என்ன பேசணும்னே தெரியாது. வெள்ளிக்கிழமையானா அவர் காமிக்ஸ் வாங்கிட்டு வருவாரு. ரெண்டு பேரும் ஒரே தலகாணியில படுத்துக்கிட்டு ஆலிங் பெமியா படிப்போம். 'பாரு, உன்ன மாதிரியே இருக்கா'ம்பாரு. நான் குத்துவேன். அப்படித்தான் எங்களுக்குப் புள்ள பொறந்தது!"

கூட்டம் சிரித்தது. சிமெண்ட் குழைப்பவரும் சிரித்தார். ரோவெனா அந்த வாய்களையெல்லாம் பார்த்தாள். சொத்தை, காரை, தங்கப்பல், ஈறு. எல்லாம் திறந்திருந்தன. அவர்கள் நல்லவர்கள், அவர்களுக்கு அது வெறும் சிரிப்பு, ஒரே தலையணையில் இரண்டு தலை. அந்தச் சிரிப்பு எதைத் தின்று கொழுத்தது என்று அவர்களுக்கு யார் சொல்வது? சொன்னால் அதுவும் ஆறு கட்டம் ஆகிவிடாதா?

"இப்ப, நாம எல்லாரும் அம்பது வருஷமா காத்துக்கிட்டிருந்த கடைசிக் கட்டம்!" நோர்மிதா கையை நீட்டினாள். யாரோ அவள் கையில் சிவப்புச் செருப்பைக் கொடுத்தார்கள். "ஆலிங் பெமியா! வாங்க! உங்க வீட்டுக்காரருக்குக் கடைசியா ஒண்ணு போட்டு அனுப்பிவையுங்க!"

ரோவெனா திரும்பி டிண்டோவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"சொன்னேன்க்கா" என்று முணுமுணுத்தான். "கேக்கல."

"பெமியா! பெமியா!" என்று கைதட்டத் தொடங்கியிருந்தார்கள். ரோவெனா இரண்டடி முன்னால் வந்து, அம்மாவை மறைத்தபடி நின்றாள்.

"எங்கம்மாவால முடியாது. நடங்க, பெட்டிய உள்ள வைங்க."

"அட டாக்டர், நீங்க ஏன்… சளிமூக்கி கோவிச்சுக்கிட்டா பாருங்க!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

மறுபடி சிரிப்பு. அவள் காது சூடாயிற்று. என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. முதுகில் ஒரு கை பட்டது. தள்ளவில்லை. கதவைத் திறக்கும்போது வைக்கிற மாதிரி வைத்தது. ரோவெனா விலகினாள்.

அம்மா நடந்துபோய் நோர்மிதாவின் கையிலிருந்து செருப்பை வாங்கினாள். கைப்பேசிகள் இன்னும் உயர்ந்தன. ரோவெனாவால் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை.

அம்மா செருப்பைத் தூக்கவில்லை. திருப்பினாள். அடிப்பாகத்தைப் பார்த்தாள். தையலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். ஓரத்தில் பிரிந்திருந்த நூலை நிமிண்டினாள். பிறகு நோர்மிதாவை ஏறிட்டாள்.

"இன்னொண்ணு எங்க?"

"என்ன ஆலிங்?"

"இதோட ஜோடி."

நோர்மிதா சிரித்தாள். "ஒண்ணுதான் ஆலிங்! கதையில ஒண்ணுதானே வரும்!"

ஒலிபெருக்கி இருவருக்கும் நடுவில் இருந்தது. அம்மாவின் தணிந்த குரல் கல்லறைச் சுவரில் பட்டு எல்லோருக்கும் கேட்டது.

"ஒத்தச் செருப்ப வெச்சுக்கிட்டு மனுஷி எப்படி நடப்பா?"

முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பின்னால் யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்கள். அம்மா செருப்பை நோர்மிதாவின் கையில் திரும்ப வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"நீ நல்ல பொண்ணு. வெயில்ல நிக்காத" என்றாள். பிறகு கொத்தனாரைப் பார்த்து, "மூடுப்பா" என்றாள்.

பெட்டி உள்ளே போயிற்று. கரண்டி சிமெண்டை அள்ளும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. நோர்மிதா அந்தச் செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசிவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

*

அடக்கத்திலிருந்து நேரே வீட்டுக்குப் போகக் கூடாது. போனவர் பின்னாலேயே வந்துவிடுவார். ஆற்றங்கரைச் சாலையில் ஒரு கஞ்சிக் கடையில் நிறுத்தினார்கள். இஞ்சியும் கோழியும் போட்ட அரிசிக் கஞ்சி. ரோவெனாவால் இரண்டு கரண்டிக்கு மேல் முடியவில்லை. கையைச் சோப்புப் போட்டு மூன்றாவது முறை கழுவியும், காலையில் காலுறையில் பட்ட ஈரம் விரலில் இருப்பதாகவே தோன்றியது. அம்மா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். இன்னொரு கிண்ணம் கேட்டாள்.

"அம்மா, கோவமா?" என்றான் டிண்டோ.

"வறுத்த பூண்ட இந்தப் பக்கம் தள்ளு" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சீட்டாட்ட மேசைகளையும் பந்தலையும் எடுத்துப் போயிருந்தார்கள். பெட்டி இருந்த இடத்தில் மெழுகு சொட்டிய நான்கு வட்டங்கள். தரை மட்டும் அப்படியே இருந்தது.

அம்மா வாசலிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குனிந்து லேஸை உருவினாள். நாக்கைத் தூக்கிவிட்டு, முதலில் குதிகாலை வெளியே எடுத்தாள். ஒன்று. இன்னொன்று. காலுறையையும் கழற்றினாள். ரோவெனா அம்மாவின் பாதத்தைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சோற்றைவிட வெள்ளையாக இருந்தது. விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒடுங்கிப்போயிருந்தன. நகங்கள் தடித்து மஞ்சளாகி… பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, திருப்பிக்கொண்டதற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்து, மறுபடி பார்த்தாள்.

கதவோரம் அப்பாவின் ரப்பர் செருப்பு கிடந்தது. குதிகால் தேய்ந்து ஒரு பக்கம் சரிந்த நீலச் செருப்பு. ஜோடியாக இருந்தது. அம்மா அதற்குள் காலை நுழைத்தாள். பெரிது, பின்னால் மூன்று விரல் அளவு நீண்டு நின்றது.

எழுந்து நடந்தாள். சளப், சளப், சளப். விதைத் தோல்கள் நொறுங்க, அந்தச் சத்தம் கூடத்தைக் கடந்து, அடுப்படிக்குள் போயிற்று. துடைப்பத்தை எடுக்கும் ஓசை. திறந்தே கிடந்த சர்க்கரை டப்பாவை நகர்த்தும் சத்தம்.

"டேய், டிண்டோ!"

கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்தன. டிண்டோ கையில் இருந்த கைப்பேசியைத் தவறவிட்டான்.

"இங்க வாடா! வந்து பாரு இத! எறும்புக்குக் குடும்பத்தோட விருந்து வெச்சிருக்கியா நீ? ஒருத்தராவது ஒரு மூடிய மூடத் தெரிஞ்சுக்கிட்டீங்களா? இது வீடாடா? ஊருல இருக்கற கிளியெல்லாம் கூடி எச்சம் போட்டுட்டுப் போன மாதிரி இருக்கு! துப்புறாங்களாம், துப்புறாங்க… துக்கத்துக்கு வந்தானுங்களா, வெதை வெதைக்க வந்தானுங்களா? நாளைக்கு மழை பெஞ்சா கூடத்துல தர்பூசணிக் கொடி படரும், அதுக்கும் நானே பந்தல் போடணும்! என்ன பாக்கற? மொறத்த எடு! மொறம்னா என்னன்னு தெரியுமா, இல்ல அதுக்கும் கப்பித்தான கூப்பிடணுமா…"

டிண்டோ வாயைப் பிளந்துகொண்டு நின்றான். தெருவில் யாரோ நடையை நிறுத்தினார்கள். அடுத்த வீட்டில் குழாய் நின்றது. குரல் நிற்கவில்லை. இடையில் ஓரிடத்தில் கரகரத்து, உடைந்து, இருமி, திரும்பத் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு மேலேறியது. சளப், சளப் என்று செருப்பும் அதன் கூடவே போயிற்று.

ரோவெனா, தன்னையறியாமல், சட்டென்று சாப்பாட்டு மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. அதன் அடியில், லேஸ் உருவிய கறுப்பு ஷூ இரண்டும், முனை சுவரைப் பார்க்க, அவள் காலையில் தள்ளிய இடத்திலேயே இருந்தன.